ஊமைத்துரைக்கு வசனம் ஏது?

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை நான் முதன்முதலில் பார்த்தது திருவதிகைப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில். 1959ஆம் வருஷம் வெளிவந்த படம், ஊர் ஊராகச் சுற்றி அங்கே வந்து சேர்வதற்குள் நன்றாகத் தேய்ந்து போயிருந்தது. அதனால் என்ன? ஜாக்சன் துரையின் முன்னால் சிவாஜி கணேசன் கர்ஜித்தபோது, மணல் தரையில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன். கண்ணில் நீர்கூட வந்தது.

மறுநாள் காலை வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனேன். திரிபுரத்தின் மூன்று கோட்டைகளையும் சிவபெருமான் சிரித்தே எரித்த தலம் அது. உடன் வந்தவர், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

"இந்தக் கோயிலும் ஒரு காலத்தில் கோட்டையாக இருந்ததுதான், தம்பி. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்" என்று மதிலைக் காட்டிச் சொன்னவர், "ஆமாம், நேற்றுப் படத்தில் பார்த்தீர்களே, அது எந்த ஊர்க் கோட்டை?" என்று கேட்டார்.

"பாஞ்சாலங்குறிச்சி" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தது வெறும் மண் கோட்டை."

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். பெரியவர் சொன்னது சரி. சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயரத்தில் மண் சுவர், சுற்றிலும் முள்வேலி. இவ்வளவுதான் கோட்டை. படத்தின் போர்க் காட்சிகளை ஜெய்ப்பூரில் எடுத்தார்கள். அந்தக் கம்பீரம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அதனால் நஷ்டம் யாருக்கு? கட்டபொம்மனுக்குத்தான்! கல் கோட்டைக்குள் இருந்துகொண்டு பீரங்கியை எதிர்ப்பது ஒரு வீரம். மண் சுவருக்குப் பின்னால் நின்று எதிர்ப்பது வேறு வீரம். 1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மன் படையோடு வந்து மோதி, முதல் தாக்குதலில் தோற்றுப் பின்வாங்கியது இந்த மண் சுவரிடம்தான்.

ஜாக்சன் சந்திப்பில் வரும் வசனம் சரித்திரத்தில் இல்லை என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் அந்தச் சந்திப்பு நடந்தது உண்மை. கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தது உண்மை. பிறகு ஜாக்சன் பதவி இழந்ததும் உண்மை. அங்கே என்ன பேசினார்கள் என்பதை வசனகர்த்தா கற்பனை செய்யத்தான் வேண்டும். என் வருத்தம் வேறு. பேட்டி கொடுக்காமல் கலெக்டர் ஊர் ஊராக இழுத்தடிக்க, பாளையக்காரர் நாள் கணக்கில் பின்னாலேயே அலைந்தாரே, அந்த அவமானத்தை நாம் உணர்ந்திருந்தால், கர்ஜனை இன்னும் ஆழமாக மனத்தில் இறங்கியிருக்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேறுவதோடு படம் முடிந்துவிடுகிறது. பாஞ்சாலங்குறிச்சியின் கதை அங்கே முடியவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கும்பெனி இடித்துப்போட்ட கோட்டையை ஜனங்கள் ஆறே நாட்களில் திரும்ப எழுப்பினார்கள். மார்ச் 31ஆம் தேதி நடந்த பெருந்தாக்குதலும் அந்தச் சுவரின்முன் தோற்றது. மே 24ஆம் தேதி, கர்னல் அக்னியூவின் பெரும் படைக்குத்தான் கோட்டை விழுந்தது. பிறகு அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள்.

அந்தப் போரில் எதிர்த்தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830இல் தம் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். ஊமைத்துரையை வாயும் செவியும் இல்லாதவராகவே அவர் எழுதுகிறார். அந்த மனிதர் தம் வீரர்களுக்கு எப்படிக் கட்டளையிட்டார் தெரியுமா? துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரன் படை. வலது கையால் அதை ஒரே வீச்சில் துடைத்து எறிவாராம். அவ்வளவுதான் உத்தரவு!

கோட்டை விழுந்த அன்று நடந்ததையும் வெல்ஷ் சொல்கிறார். பிணங்களுக்கிடையே மகனைத் தேடி வந்த தாயிடம், உயிர் போய்க்கொண்டிருந்த அந்த மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயப்பட்டுக் கிடக்கும் 'சாமி'யைக் காப்பாற்றச் சொன்னானாம். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிணம் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து விலகினார்கள். எந்தக் கதாசிரியன் இதைவிட நல்ல காட்சி எழுதிவிடப் போகிறான்?

சின்ன தேசங்களின் தோல்வியை வேறு விதமாகவும் படமாக்கலாம். 1940 ஏப்ரல் 9ஆம் தேதி ஜெர்மானியர் டென்மார்க்கில் நுழைந்தபோது, சில மணி நேரத்தில் அந்த நாடு பணிந்துவிட்டது. 2015இல் டென்மார்க்கார்கள் அந்த நாளின் தேதியையே பெயராக வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதில் வரும் படை சைக்கிள் படை! டாங்கிகளை எதிர்க்கப் போகும் பையன்கள், சக்கரத்து டயரை எவ்வளவு சீக்கிரம் மாற்றலாம் என்று பழகுகிறார்கள். பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த நிமிஷம் நெஞ்சை அடைக்கிறது. நம் மண் சுவரும் அப்படித்தான் அடைத்திருக்கும்.

பிறரைச் சொல்வானேன்? கதை எழுதுகிற நானும் இதே தப்பைச் செய்தவன். என் கதாநாயகர்களும் சாவதற்கு முன் இரண்டு பக்கம் பேசியிருக்கிறார்கள். பேசத் தெரிந்தவனைத்தான் நாம் வீரன் என்று நினைக்கிறோம். மண் சுமந்தவளும், துரும்பைத் துடைத்தவனும் நம் கதைகளுக்கு வெளியே நிற்கிறார்கள்.

கட்டபொம்மன் படத்தை இன்று போட்டாலும் நான் போவேன். அதே இடத்தில் எழுந்தும் நிற்பேன். ஆனால் படம் முடிந்து வெளியே வரும்போது, அந்த ஆறு நாட்களில் இரவும் பகலும் மண் குழைத்தவர்களின் ஞாபகம்தான் கூடவே நடந்து வரும்.