தெருக்குரல் அறிவு: பாடகரும் பாட்டின் உரிமையும்

அறிவு, அரக்கோணத்தைச் சேர்ந்த சொல்லிசைக் கலைஞர், பாடலாசிரியர். இயற்பெயர் அறிவரசு கலைநேசன். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் வழியாக அறிமுகமானார். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. பெயருக்கு அடிப்படை அயோத்திதாசரின் (1845–1914) சாதியற்ற தமிழர் என்ற கருத்து.

சாவு வீட்டுக் கானாவையும் பறையையும் ராக் இசையோடு ஒரே மேடையில் ஏற்றியதுதான் இக்குழுவின் புதுமை. அறிவின் வேகமான சொல்லடுக்கு அதற்குக் கூர்மை தந்தது. ஆயினும் அவருடைய தொடக்ககாலப் பாடல்கள் சிலவற்றில் கருத்து முன்னே ஓட, மெட்டு பின்தங்குகிறது. இட ஒதுக்கீட்டைப் பற்றிய வாதத்தை மேடைப் பேச்சாகவே கேட்டுவிடலாமே என்று தோன்றும் இடங்கள் உண்டு. ஓஃப்ரோவுடன் 2019-இல் வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பில் இக்குறை குறைகிறது. தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த ஸ்னோலினைப் பற்றிய பாடலில் முழக்கத்தைவிட இழப்பே முன்னிற்கிறது.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' அவரை உலகறியச் செய்தது. பாடியவர்கள் தீ, அறிவு. தயாரித்து இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே இதன் கரு. 'எஞ்சாமி' என்ற சொல்லுக்கு இரு முகம் உண்டு. சூலக்கரை போன்ற கரிசல் ஊர்களில் பேரப்பிள்ளையைக் கொஞ்சும் பாட்டி சொல்வதும் அதுதான். நிலக்காரரின் முன் கூலியாள் சொன்னதும் அதுதான். ஆட்டம்போட வைக்கும் தாளத்துக்குள் இவ்விரண்டையும் வைத்து, இறுதியில் ஒப்பாரிக்குக் கொண்டுபோவது சாதாரணத் திறமையன்று. கொண்டாட்டமாக மட்டும் கேட்பவர்களுக்கு அந்த ஒப்பாரி காதில் விழாமலே போகலாம்.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பின்னர் அவருக்கென இணைய அட்டை ஒன்று வந்தது. 2022 சூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாடல் ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்று அறிவு அறிக்கை விட, அது கூட்டு உழைப்பு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கமளித்தார். யார் எவ்வளவு செய்தார் என்பதை வெளியிலிருப்போர் அளந்து சொல்ல இயலாது. ஆனால் பாட்டியின் கதை பேரனுடையது என்பதில் ஐயமில்லை. அவர் இல்லாத அட்டை அந்தக் கதையையும் சேர்த்தே வெட்டிவிட்டது. நாட்டார் பாடல்களைப் பாடிய பெண்களின் பெயர் அச்சில் விடுபட்டுப்போன பழைய வழக்கத்தையே இது நினைவூட்டுகிறது.

'மாஸ்டர்' போன்ற படங்களின் பாடல்களில் அறிவின் வேகம் மட்டுமே பயன்பட்டது; கதை சொல்ல இடமில்லை. 2024-இல் வெளியிட்ட தனித்தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.