பிரெஞ்சு எந்திரம், ஆங்கிலக் கையேடு, தமிழ்க் கை

எந்திரச் சொற்களின் மொழிபெயர்ப்பு என்றதும் நம் சூழலில் வடமொழியா தனித்தமிழா என்கிற பழைய சண்டைதான் எழுந்து வருகிறது. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தொடங்கிய பரிபாஷைச் சங்கம், 1940இல் சென்னை அரசு அமைத்த ஸ்ரீநிவாச சாஸ்திரி குழு எனத் தொடரும் வரலாற்றில் கொல்லுப்பட்டறைக்காரரும் லேத்துக்காரரும் ஒரு தரப்பாக இருந்ததில்லை. அவர்கள் வாயில் புழங்கியவை ‘சொற்கள்’ என்ற தகுதியையே பெறவில்லை. இதில் சாதிக்கு இருக்கும் பங்கை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

முடிச்சூர் சாலையில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்களுக்காக ஆட்கள் நிற்கிறார்கள். மண்ணிவாக்கம், படப்பை தாண்டினால் ஒரகடம். 2010இல் அங்கே ரெனோ–நிசான் ஆலை வந்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே ஸ்ரீபெரும்புதூரில் சேன் கோபேன் கண்ணாடி ஆலை. பிரெஞ்சு மூலதனம் வந்தது, பிரெஞ்சு மொழி வரவில்லை. 1999இல் கூட்டுச் சேர்ந்த ரெனோவும் நிசானும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஏற்றுக்கொண்டது ஆங்கிலத்தை. பிரெஞ்சுக்காரர், ஜப்பானியர், தமிழர் ஆகிய மூவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலம். ஆகவே பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் எந்திரச் சொல் எப்படிப் போகிறது என்பது பாரீஸிலோ லண்டனிலோ முடிந்துவிடும் விவகாரமல்ல. அது படப்பை வழியாகவும் போகிறது.

பிரெஞ்சில் சுழல்தண்டை ‘ஆர்ப்ர்’ என்பார்கள், அதாவது மரம். ஆங்கிலத்தின் ‘ஷாஃப்ட்’ ஆதியில் ஈட்டிக் காம்பு. நமக்குத் தண்டு. எந்த மொழிபெயர்ப்பாளரும் இங்கே தடுக்கி விழமாட்டார். எந்திரத்துக்குள் மரம் முளைக்காது என்று யாருக்கும் தெரியும். ஆபத்து வேறு முகமுள்ள சொற்களில் இல்லை, ஒரே முகமுள்ள சொற்களில் இருக்கிறது. ‘ழுவேன்’ என்கிற பிரெஞ்சுச் சொல் எழுத்தில் அப்படியே ஆங்கில ‘ஜாயின்ட்’தான். ஆனால் எந்திரக் கையேட்டில் அது பெரும்பாலும் கேஸ்கட்டைக் குறிக்கும். இணைப்பை மாற்று என்று படித்தவர் எதைக் கழற்றுவார்?

இதைவிட மோசம் ‘கொந்த்ரோலே’. பிரெஞ்சில் இதன் முதற்பொருள் சரிபார்ப்பது. அழுத்தத்தைப் பார் என்று மூலம் சொல்வது ஆங்கிலத்தில் ‘கன்ட்ரோல்’ என்று இறங்கினால், தமிழில் ‘அழுத்தத்தைக் கட்டுப்படுத்து’ என்றாகிவிடும். முதலாவது கண்ணுக்கு இடப்பட்ட வேலை: கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். இரண்டாவது கைக்கு இடப்பட்டது: திருகத் தேவையில்லாத வால்வைத் திருகச் சொல்கிறது. குறியின் இடுகுறித்தன்மை பற்றி நாம் பக்கம்பக்கமாக எழுதியாயிற்று. வால்வின்மேல் கை வைத்திருப்பவருக்கு அந்த விவாதம் வேறுமாதிரி அர்த்தப்படும்.

‘மோத்தேர்’ விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. டீசலில் ஓடினாலும் கரண்ட்டில் ஓடினாலும் பிரெஞ்சில் அதற்கு ஒரே பெயர். ஆங்கிலம் எஞ்சின், மோட்டார் என்று பிரிக்கும், அதுவும் தளர்வாகத்தான். நம் கிணற்றடிப் பேச்சோ கறாராக இருக்கிறது: ‘மோட்டாரைப் போடு’ என்றால் கரண்ட், ‘எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு’ என்றால் டீசல். பிரெஞ்சில் இல்லாத தெளிவு இங்கே இருக்கிறது. நம் கலைச்சொல் பட்டியல்களோ எஞ்சினுக்கும் பொறி, மெஷினுக்கும் பொறி என்று எழுதி, இருந்த வித்தியாசத்தையும் அழித்துவைக்கின்றன. (எலிக்கும் பொறிதான்.)

திதரோவை இங்கே நினைக்க வேண்டும். அவரது கலைக்களஞ்சியமே மொழிபெயர்ப்பு வேலையாகத் தொடங்கியதுதான்: சேம்பர்ஸின் 1728ஆம் ஆண்டு ஆங்கில நூலைப் பிரெஞ்சாக்குவது 1745இல் போட்ட திட்டம். 1751இல் முதல் தொகுதி வந்தபோது அது வேறு நூலாகியிருந்தது. கத்தி செய்யும் கைவினைஞரின் மகனான திதரோ, தொழில்கள் பற்றி எழுதப் புத்தகங்களை நம்பாமல் பட்டறைகளுக்கு ஆள் அனுப்பினார், தானும் போனார். தொழிலாளிகளிடம் கேட்டுச் சொற்களை எழுதிக்கொண்டார்கள். அந்தச் சொற்களை அறிஞர் மொழிக்குக் கொண்டுவந்ததும் ஒருவகை அபகரிப்புதான் என்று வாதிடலாம். இருக்கட்டும். நாம் அந்த அபகரிப்பைக்கூடச் செய்யவில்லை. ‘மரை கழண்டவன்’ என்று வசைக்கு எடுத்துக்கொண்டோம். மரையின் அளவுகளுக்கும் வகைகளுக்கும் பட்டறையில் என்ன பேர் என்று கேட்கப் போகவில்லை.

சொல்லைவிட வினைமுற்று சிக்கலானது. பிரெஞ்சுக் கையேடு பெரும்பாலும் வினையெச்சம்போல ஆளில்லாமல் பேசும்: சரிபார்க்க, இறுக்க. ஆங்கிலத்தில் அது ஏவலாகிறது, ஆனால் மரியாதையும் இல்லை அவமரியாதையும் இல்லை. தமிழுக்கு வந்ததும் யார் யாரிடம் சொல்கிறார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை. இறுக்கு, இறுக்குங்கள், இறுக்கவும். அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. போர்டு எழுதியவர்கள் ‘வும்’மைத் தேர்ந்தெடுத்தார்கள், காலணிகளை வெளியே விடவும் என்கிற அதே ‘வும்’. பக்கத்து மெஷின்காரர் புதிதாக வந்த பையனிடம் சொல்வது வேறு: ‘முள்ளு பச்சையில நிக்குதான்னு பாத்துக்க, கை வைக்காத.’ கொந்த்ரோலேவுக்கு இதுதான் சரியான மொழிபெயர்ப்பு. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.