நிலக்கரி பெற்றவர்கள்

சீன இலக்கியம் என்றதும் லூ சுன் ஒருவரையே நினைவுகூர்பவர்கள் நம்மில் பலர். அவருக்குப் பின் எழுதியவர்களுள் நாம் அறிந்திருக்க வேண்டியவர் லியு பின்யான். 1979-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'மக்கள் இலக்கியம்' என்னும் சீன இதழில் வெளிவந்த அவருடைய படைப்பின் தலைப்பை 'மனிதருக்கும் பேய்க்கும் நடுவே' என்று தமிழாக்கலாம். அது கதையும் அன்று, வெறும் செய்தியும் அன்று. நடந்ததை நேரில் விசாரித்து இலக்கியமாக எழுதும் இவ்வகையைச் சீனர் 'அறிக்கை இலக்கியம்' என்பர். பெர்ரி லிங்க் பதிப்பித்து 1983-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கிலத் தொகுதி வாயிலாகவே நாம் இதனைப் படித்தோம். சீன மொழி அறியாத நாம் அதன் நடையைப் பற்றிப் பேசுதல் முறையாகாது. பொருளைப் பற்றிப் பேசலாம்.

களம், சீனத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள ஹெய்லோங்ஜியாங் மாநிலத்தின் பின்ஷியன் வட்டம். ஹார்பின் நகரம் அதற்கு அண்மையில் உள்ளது. தில்லியின் தை மாதக் குளிருக்கே கம்பளிக்குள் ஒடுங்கும் நமக்கு, சனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை என்னும் ஹார்பினின் சராசரிக் குளிர் கற்பனைக்கும் எட்டாதது. அங்கே நிலக்கரி என்பது சமையலுக்கு மட்டும் உரிய பொருளன்று; இரவில் உயிரோடு உறங்குவதற்கான பொருள். அதனை யார் அளந்து கொடுக்கிறாரோ அவரே ஊரில் பெரியவர். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்வருவன விளங்கும்.

வாங் ஷௌஷின் என்னும் பெண்மணி அவ்வட்டத்து நிலக்கரி நிறுவனத்தில் காசாளர். 1966-இல் கலாசாரப் புரட்சி வெடித்தபோது, வலுத்த கை எது என்று அறிந்து அதன் பக்கம் சேர்ந்தார்; அதிகாரத்துக்கு வந்தவர்களின் தயவால் கட்சி உறுப்பினரானார்; எரிபொருள் நிறுவனத்தின் மேலாளராகவும் அதன் கட்சிக் கிளைச் செயலராகவும் உயர்ந்தார். (லியு பின்யான் அவரை எள்ளி எழுதும் இடங்கள் பல. நாம் இங்கு 'அவர்' என்றே குறிக்கிறோம். கணக்கறையில் அமர்ந்து ஊதியம் பெறும் ஒருவரை வேறு விதமாக எழுத, அதே தொழிலில் வயிறு வளர்க்கும் நமக்குக் கை கூசுகிறது.)

அவர் செய்த மோசடி எளியது. அரசு ஒதுக்கீட்டில் வரும் நிலக்கரிக்கு ஒரு விலை. சிறு சுரங்கங்களில் வெளியே வாங்கும் கரிக்கு அதனினும் மிகுந்த விலை. கரி இரண்டும் கருப்பு. குறைந்த விலைக் கரியை உயர்ந்த விலைக் கரியென்று எழுதி விற்றால், இடைப்பட்ட பணம் எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் தனிப் பெட்டிக்குப் போகும். எது எந்தக் கரி என்று சொல்ல வல்லது காகிதம் ஒன்றே. கோப்புகளோடு நாள் கழிப்பவர்கள் இப்பகுதியைப் படிக்கையில் ஒரு கணம் நிமிர்ந்து உட்காராமல் இருக்க முடியாது. இங்கே பூட்டு உடைக்கப்படவில்லை. எழுத்து ஒன்று மாறியது, அவ்வளவே. இப்படிச் சேர்ந்தது ஐந்து இலட்சம் யுவானுக்கு மேல். அக்காலத்துத் தொழிலாளி ஒருவரின் ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 600 யுவான் எனில், அது எண்ணூறு ஆண்டு உழைப்பையும் தாண்டும்.

எனினும் இப்படைப்பின் உயிர் இந்தத் தொகையில் இல்லை. கரி எங்கே போயிற்று என்று ஆசிரியர் தொடர்ந்து செல்கிறாரே, அங்கேதான் இருக்கிறது. நல்ல கட்டிக் கரி, கேட்காமலே, பதவியில் இருப்பவர்களின் வாயிலில் வந்து இறங்குகிறது. யாருக்கு எது தேவை என்பது வாங் ஷௌஷினுக்கு மனப்பாடம். ஒருவருக்குக் கரி, ஒருவருக்கு விருந்து, கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளையை மீட்டு வேலையில் அமர்த்த இன்னொருவருக்கு உதவி. பெற்றவர் எவரும் தம்மைக் கையூட்டுப் பெற்றவராக நினைக்கவில்லை. அண்டை அயலார் அன்புக்குச் செய்யும் உபகாரம் என்றே நினைத்தனர். உபகாரம் செய்தவரைக் கேள்வி கேட்பது பண்பாடன்று அல்லவா? நிறுவனத்துக்குள்ளேயே அவரை எதிர்த்து நின்றவர்கள்தாம் அல்லலுற்றார்கள். மேலே இருந்தவர்களின் அடுப்பில் எரிந்தது அவர் கொடுத்த கரி.

இவ்வளவு நுட்பமாகக் கண்டவர் தலைப்பில் பேயை ஏன் அழைத்தார் என்பதே நமது குறை. பேய் என்றால் ஓட்டிவிடலாம், வேப்பிலை போதும். வாங் ஷௌஷினின் இளமைக்கால நடத்தையையும் ஆடவரிடம் பழகிய விதத்தையும் ஆசிரியர் இழுத்து வருவது வாசகனுக்குத் தீனியாகலாம். வாதத்துக்கு ஊறே செய்கிறது. ஒழுக்கங்கெட்ட ஒருத்தி ஊரைக் கெடுத்தாள் என்று முடித்துக்கொள்ள அது வழிவிடுகிறது. ஆனால் அவர் திரட்டித் தந்திருக்கும் செய்திகளோ, ஊர் அமைந்திருந்த விதமே அவரை வளர்த்தது என்று பக்கத்துக்குப் பக்கம் சாட்சி சொல்கின்றன. கட்சி எல்லாவற்றையும் கண்காணித்தது. அதனைக் கண்காணிக்க எவரும் இல்லை என்று அவர் சுட்டும் இடத்தில் பேய்க்கு வேலையே இல்லை. எழுதியவரின் கோபம் ஒரு வழியும் அவர் கண்கள் வேறு வழியும் சென்றன என்று தோன்றுகிறது. கண்கள் சென்ற வழியே நாம் செல்கிறோம்.

1979-இல் வழக்கு வெளிவந்தது. 1980 பிப்ரவரி 28 அன்று வாங் ஷௌஷின் சுட்டுக் கொல்லப்பட்டார். லி ஜென்ஷெங் என்னும் புகைப்படக்காரர் எடுத்த அக்காட்சிப் படங்கள் பிற்காலத்தில் நூலில் வெளிவந்துள்ளன. அவற்றை இருமுறை பார்க்க மனம் ஒப்பவில்லை. எழுதியவரும் அமைதியாக வாழவில்லை. 1957-இலேயே வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு இருபது ஆண்டுக்கு மேல் ஒதுக்கப்பட்டிருந்தவர் அவர். மீண்டு வந்து 'மக்கள் நாளிதழ்' செய்தியாளராகி இதனை எழுதினார். 1987-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1988-இல் அமெரிக்கா சென்றவர், 2005 திசம்பரில் அங்கேயே காலமானார்.

சென்ற மார்கழியில் நண்பகல் உணவு இடைவேளையில் இக்கதையை உடன் பணிபுரியும் நண்பர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஐந்து இலட்சம் என்றபோது ஒருவர் சிரித்தார். இக்காலத்துக்கு அது ஒரு தொகையா என்றார். மரண தண்டனை என்றபோது எல்லோரும் மௌனமானார்கள். ஓய்வுபெற ஓராண்டே இருந்த மூத்த நண்பர் மட்டும் டப்பாவை மூடிக்கொண்டே, "கரி வாங்கினவங்களுக்கு என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார். புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினோம். வாங் ஷௌஷினை உருவாக்கிய நிலைமைகள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று அங்கே லியு பின்யானும் வினவிக்கொண்டிருந்தார். மணி அடித்தது; மேசைக்குத் திரும்பினோம்.