ஜாவா மென்பொருளாக்கத்தில் உட்பொதி நிரலகங்கள்: தேவையும் மறைவும்

ஆய்வுச் சுருக்கம்

ஜாவா மொழியில் உருவாகும் மென்பொருள்கள் பிறர் எழுதிய நிரலகங்களைத் தம்முள் பொதிந்துகொள்வது பெருவழக்கு. இவ்வழக்கின் தேவையையும் அதனால் விளையும் இடரையும், 2021ஆம் ஆண்டு வெளிப்பட்ட லாக்4ஜே குறைபாட்டை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பொதிதல் தன்னளவில் குற்றமன்று. பொதிந்ததன் பெயரும் பதிப்பும் மறைக்கப்படுவதே குற்றம் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: ஜாவா, மேவன், நிரலகம், சார்புநிலை, உட்பொதிவு, லாக்4ஜே

முன்னுரை

பல மென்பொருள்களுக்கும் பொதுவாகப் பயன்படும் ஆயத்த நிரல்களின் தொகுதியே நிரலகம். ஜாவாவில் இது ஜார் என்னும் கோப்பாக வழங்கப்படுகிறது. ஒரு நிரலகம் மற்றொன்றை நாட, அது வேறொன்றை நாடும். இத்தொடர் உறவு சார்புநிலை எனப்படும். ஆன்ட் கருவி வழக்கிலிருந்த காலத்தில் தேவையான ஜார் கோப்புகளைத் திட்ட அடைவுக்குள் நகலெடுத்து வைப்பதே பொதுவான முறை. 2004இல் முதற்பதிப்பு கண்ட மேவன் இந்நிலையை மாற்றியது. குழு, பெயர், பதிப்பு என்னும் மூன்று அடையாளங்களால் ஒவ்வொரு நிரலகத்தையும் சுட்டி, பொதுக் களஞ்சியத்திலிருந்து அதனைப் பெறும் முறை நிலைபெற்றது. எனினும் நகலெடுக்கும் வழக்கம் மறையவில்லை. அது வேறு வடிவில் தொடர்கிறது.

பொதிதலின் தேவை

பொதிதலைச் சோம்பலின் விளைவு என ஒதுக்குதல் பொருந்தாது. ஜாவாவின் இயல்பான ஏற்றுமுறையில், ஒரே பெயருடைய வகுப்பின் இரு பதிப்புகள் ஒருசேர இயங்க இயலாது. இரு நிரலகங்கள் மூன்றாவது ஒன்றின் வெவ்வேறு பதிப்புகளை நாடினால், மேவன் சார்பு மரத்தில் அண்மையில் உள்ளதைத் தெரிவு செய்கிறது. கிரேடில் இயல்பாக உயர்ந்த பதிப்பைத் தெரிவு செய்கிறது. எவ்வழியிலும் ஒரு நிரலகம் தான் எதிர்பாராத பதிப்போடு இயங்க நேர்கிறது. முரண் இருப்பின், அது பெரும்பாலும் இயக்கத்தின்போதே வெளிப்படுகிறது.

இதற்குத் தீர்வாக, சார்ந்த நிரலகத்தின் பெயர்வெளியை மாற்றித் தன் ஜார் கோப்பினுள் கலந்துவிடும் முறை தோன்றியது. மேவனின் ஷேட் செருகுநிரல் இப்பணியைச் செய்கிறது. ஸ்பிரிங் கட்டமைப்பு தன் 3.2 பதிப்பு முதல் ஏஎஸ்எம், சிஜிலிப் ஆகியவற்றைப் பெயர் மாற்றித் தன்னுள் கொண்டுள்ளது. ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பே செர்சஸ் நிரலகத்தை உள்பெயரில் தாங்கி நிற்கிறது. தேர்ந்த கைகளும் நாடிய வழி இது.

மறைவின் விலை

இம்முறையின் விலையை 2021 டிசம்பர் உணர்த்தியது. லாக்4ஜே என்பது நிகழ்வுகளைப் பதிவு செய்யும் நிரலகம். பதிவாகும் செய்தியில் குறிப்பிட்ட வடிவிலான தொடர் இடம்பெற்றால், அது வெளிக் கணினியைத் தொடர்புகொண்டு அங்குள்ள நிரலை இயக்க வழிவிட்டது. இக்குறைபாட்டின் தீவிரம் 10க்கு 10 என மதிப்பிடப்பட்டது. அம்மாதத்திலேயே 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 எனத் திருத்தப் பதிப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன.

சார்பினை வெளிப்படையாக அறிவித்த மென்பொருளில் பதிப்பு எண்ணை ஓரிடத்தில் மாற்றி, மீண்டும் கட்டிச் சோதித்தால் பெரும்பாலும் போதுமானதாயிற்று. பொதிந்த மென்பொருளைப் பயன்படுத்துவோர், பொதிந்தவர் ஒவ்வொரு முறையும் புதிய வெளியீடு தரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதனினும் பெரிய இடர், தம்மிடம் அந்நிரலகம் உள்ளது என்பதையே பலர் அறியாதிருக்கக்கூடும் என்பது. ஷேட் செருகுநிரல், தான் கலந்துவிட்ட சார்புகளை நீக்கிய விவரக் கோப்பையே இயல்பாக வெளியிடுகிறது. எனவே விவரக் கோப்புகளை மட்டும் நம்பிச் சார்புகளைத் தேடும் கருவிக்கு அவை அகப்படா. குறையுடைய வகுப்பை அதன் முகவரி கொண்டு ஜார் கோப்பிலிருந்து நீக்கும் இடைக்காலத் தீர்வும், பெயர்வெளி மாற்றப்பட்ட நகலில் பயனற்றுப் போகிறது. அங்கு முகவரியே வேறு.

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இவ்விடர் புதிதன்று. மூலம் சுட்டப்படாது படியெடுத்த ஏட்டில், மூலத்தில் கண்ட பிழைக்கான திருத்தம் சென்று சேர்வதில்லை.

மாற்று நெறிகள்

டெபியன் இயங்குதளத்தின் கொள்கை, பிற நிரலகங்களின் நகலை உள்ளடக்குவதைத் தவிர்க்கச் சொல்கிறது. பொது நகல் ஒன்றைத் திருத்தினால் அதனைச் சார்ந்தவை பலவும் திருந்தும். ஒரே அமைப்பு அனைத்துத் தொகுப்புகளையும் ஒருங்கே பேணுமிடத்தில் இந்நெறி பொருந்தும். தன் நிரலகம் எச்சூழலில் இயங்கும் என அறியாத தனி ஆசிரியர்க்கு இது முழுமையாகப் பொருந்தாது.

ஸ்பிரிங் பூட் இடைவழி ஒன்றைக் காட்டுகிறது. அது சார்ந்த ஜார் கோப்புகளைக் கலக்காமல், முழுக் கோப்புகளாகவே மற்றொரு ஜார் கோப்பினுள் அடுக்குகிறது. பொதிதலின் வசதி கிட்டுகிறது. ஒவ்வொன்றின் எல்லையும் அடையாளமும் எஞ்சுகின்றன. ஆயினும் பதிப்பு முரணை இது தீர்ப்பதில்லை. பெயர்மாற்றம் இன்றியமையாத இடங்கள் இருந்தே தீரும்.

அவ்விடங்களில், சைக்ளோன்டிஎக்ஸ், எஸ்பிடிஎக்ஸ் போன்ற வடிவங்களில் அமையும் உறுப்புப் பட்டியல் துணைசெய்யும். அப்பட்டியல் பொதியும் வேளையிலேயே, பொதிபவராலேயே உருவாக்கப்படல் வேண்டும். எது, எப்பதிப்பு என்பது அப்போது ஐயமறத் தெரியும். பின்னர்த் தேடுவோர்க்கு எஞ்சுவது ஊகமே.

முடிவுரை

உட்பொதிதலை ஏற்பதா, விலக்குவதா என்னும் வினா குறையுடையது. எவை பொதியப்பட்டன என்பது வெளிப்படையாக உள்ளதா, மூலம் திருந்தும்போது நகலும் திருந்துமா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். பிறர் நிரலகத்தைத் தன்னுள் கொள்பவர் அதன் பயனோடு பராமரிப்புக் கடமையையும் ஏற்கிறார். அக்கடமையை ஏற்க இயலாதவர், சார்பினை வெளிப்படையாக அறிவித்து விடுதலே முறை. இன்றைய கட்டுமானக் கருவிகள் பொதிதலை எளிதாக்கிய அளவிற்கு, பொதிந்ததை வெளிப்படுத்துவதை இயல்பாக்கவில்லை. விவரக் கோப்பிலிருந்து சார்பினை நீக்கும் கருவி, நீக்கியதன் பட்டியலையும் உடன் வெளியிடுதல் வேண்டும் என்பதே இத்திறனாய்வு முன்வைக்கும் கோரிக்கை.