அறுவை மேசையில் கொசுவலை

குடலிறக்கம் மாத்திரையில் தீராது. தொடை இடுக்கருகே வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தில் குடல் பிதுங்கும். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். அப்படிப் பிதுங்கிய குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றால் உயிருக்கே ஆபத்து. இத்தாலியில் அறுவை மருத்துவர் பசினி 1880களில் தசைகளை இழுத்துத் தைக்கும் முறையைத் தந்தார். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் இழுத்துத் தைத்த இடம் நாளடைவில் நெகிழ்ந்து, பலருக்குக் குடல் மறுபடி இறங்கியது. நூறாண்டு கழித்து அமெரிக்க அறுவை மருத்துவர் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்காமல் செயற்கை இழை வலையை வைத்து அடைக்கும் முறையைப் பரப்பினார். வலைக்கண்களுக்குள் திசு வளர்ந்து சுவர் உறுதிப்படுகிறது. மறு இறக்கம் வெகுவாகக் குறைந்தது. தடையாக நின்றது வலையின் விலை.

அந்தத் தடையை மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சாவில் மருத்துவர் தோங்காவ்கர் கொசுவலைத் துணியால் தகர்க்கப் பார்த்தார். கேட்டால் பதறத் தோன்றும். ஆனால் கொசுவலையையும் விலையுயர்ந்த மருத்துவ வலையையும் ஒப்பிட்டு உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் கொசுவலை வைத்தவர்களில் ஒருவருக்கே மறு இறக்கம். விலையுயர்ந்த வலைக் குழுவில் யாருக்கும் இல்லை. மற்றச் சிக்கல்களும் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த ஆய்வின்போது கொசுவலையின் விலை சுமார் ஒரு டாலர். மற்றது நூறு டாலருக்கும் மேல்.

ஏழைக்கு மட்டும் மட்டமான பொருளா என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வலை வாங்க வழியில்லாத நோயாளிக்கு இன்று கிடைப்பது பழைய தையல், அல்லது எதுவுமே இல்லை. ஒப்பீடு அதனோடுதான் அமைய வேண்டும். என் தயக்கம் வேறிடத்தில். உகாண்டாவில் கத்தி பிடித்தவர்கள் தேர்ந்த அறுவை மருத்துவர்கள். வலை முறையாகக் கிருமி நீக்கப்பட்டது. கடைத்தெருவில் விற்கும் எல்லா வலையும் ஒன்றல்ல. பூச்சிமருந்து ஏற்றிய வலை உடலுக்குள் போகவே கூடாது. கிருமி நீக்கும்போது வெப்பம் மிகுந்தால் இழை சுருங்கி விறைக்கும். குறைந்தால் கிருமி சாகாது. ஆகவே ஒவ்வொரு மருத்துவமனையும் தன் போக்கில் வெட்டிப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். இழையின் வகை, கண்ணின் அளவு, கிருமி நீக்கும் வெப்பம் ஆகியவற்றை அரசு வரையறுத்து, மலிவு வலையைத் தானே தயாரித்து வழங்கலாம். விலை குறைந்தாலும் ஒரு குறை மிஞ்சும்: எந்த வலையானாலும் சிலருக்கு மாதக்கணக்கில் வலி நீடிக்கிறது. அறுவைக்கு ஒப்புதல் கேட்கும்போதே அதையும் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.