முளைக்காத விதைக்கு ஒரு டிடிஎஸ் பேனா

மாடித்தோட்டம் போடப் புதிதாகக் கிளம்புகிறவர் வாங்கும் சாமான்கள் எந்த ஊரிலும் ஒன்றுதான்: குழித்தட்டு, தேங்காய் நார்க்கழிவுக் கட்டி, பூவாளி, நாலைந்து விதைப் பொட்டலம். தூத்துக்குடியில் இவற்றுக்கு முன்னால் இன்னொன்றை வாங்க வேண்டும். ஆர்.ஓ. எந்திரம் மாட்ட வருகிறவர் சட்டைப்பையில் செருகியிருப்பாரே, அந்த டிடிஎஸ் மீட்டர். பேனா அளவு, அடியில் இரண்டு உலோக முள், சில நூறு ரூபாய் விலை. தண்ணீரில் முக்கினால் அதில் கரைந்திருக்கும் உப்பைப் பிபிஎம் கணக்கில் காட்டும். குடிதண்ணீருக்கென்று விற்கிற இதைத் தோட்டக் கருவியாக எடைபோட்டால், இந்தக் கரையில் காய்கறி விதை போடுகிற புதியவருக்கு இதைவிட உருப்படியான செலவு வேறு இல்லை என்பது என் கணிப்பு. முளைக்காத தட்டைப் பார்த்ததும் விதைக் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை விசாரிப்பதுதான் நியாயம்.

விதை முளைப்பதற்கு முதல் வேலை ஊறுவது. சுற்றியுள்ள ஈரத்தில் உப்பு கூடிவிட்டால் அது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; தொட்டால் கையில் ஈரம் தெரியும், விதைக்குள் போதிய அளவு போகாது. குழித்தட்டில் இந்தத் தொல்லை அதிகம். 98 குழித் தட்டின் ஒரு குழியில் பிடிப்பது சில சிட்டிகை நார்த்தூள். வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. மறுநாள் பூவாளி இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். சில நாளில் மேலே வெள்ளையாகப் பூத்தால் பூஞ்சை என்று நினைக்கத் தோன்றும். நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும், அது கைக்கடக்கமான உப்பளம். நிஜ உப்பளத்தில் மிதவையைப் போட்டு நீரின் உப்படர்த்தியை டிகிரியில் பார்க்கிறார்கள்: கடல்நீர் 3 டிகிரி சொச்சத்தில் தொடங்கி, 25ஐ நெருங்கும்போது உப்பு படியும். உப்பு வேண்டும் என்கிறவர்கள் அளந்து பார்க்கிற ஊரில், உப்பு வேண்டாம் என்கிறவர்கள் அளக்காமல் விதைக்கிறோம்.

அளந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1985இல் திருத்தி வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டி இதற்குப் போதும். 450 பிபிஎம்முக்குள் கவலையில்லை. 2000 வரை பயிரைப் பார்த்துப் பாய்ச்சலாம். அதற்கு மேல் கைவைக்காமல் இருப்பது நல்லது. விளைச்சல் குறையாமல் தக்காளி ஏறத்தாழ 1100 வரை தாங்கும், மிளகாய் 640, வெங்காயமும் முள்ளங்கியும் 500, பீன்ஸ் 450தான். இவை வளர்ந்த பயிருக்கான கணக்கு. தட்டில் நிற்கும் நாற்றுக்கு இன்னும் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். ‘இதற்கெல்லாம் கருவியா, வாயில் ஊற்றினால் தெரியாதா’ என்பார்கள். தெரியாது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 பிபிஎம் வரை குடிக்கலாம் என்று இந்தியக் குடிநீர்த் தரமே விட்டுக்கொடுக்கிறது. வருடக்கணக்கில் அதைக் குடித்துப் பழகிய நாக்குக்கு, வெங்காய விதை எங்கே திணறும் என்று எப்படித் தெரியும்? வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர், போர் தண்ணீர், பிடித்து வைத்த மழைநீர் மூன்றையும் மூன்று டம்ளரில் வைத்து அளந்தால் எதை விதைக்கு வைப்பது, எதை எதோடு கலப்பது என்பது ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வது இங்கே ஒரு சங்கடம்: நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடியில் விதைப்பவர் போர் தண்ணீரை நம்பித்தான் விதைக்கிறார். அந்த மாதத்தில் அளக்காமல் விதைப்பது சூதாட்டம்.

பேனாவின் இரண்டாவது வேலை நார்க்கழிவில். நம் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குப் போகும் கட்டிகளை உப்பளவு பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உள்ளூர்க் கடையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கழுவாத நார்த்தூளில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் மிகுதி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடலடிச் சிப்பித் திட்டான பாரில் கொஞ்சம் சிப்பியை எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்ட பிறகுதான் குளிப்பை அறிவிப்பார்கள். அதே போல ஒரு பிடித் தூளை மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்து, சாற்றில் பேனாவை முக்க வேண்டும். எண் எகிறினால் நல்ல தண்ணீரில் அலசி, வடித்து, மறுபடி அளக்க வேண்டும். எண் அடங்கின பிறகு வேப்பம்பிண்ணாக்குத் தூளைக் கலந்து தட்டை நிரப்பலாம்.

குறை இல்லாமல் இல்லை. பேனா அளப்பது உப்பை அல்ல, மின்கடத்தலை. அதை ஓர் எண்ணால் பெருக்கிப் பிபிஎம் என்று காட்டுகிறது. அந்தப் பெருக்கல் எண் ஒரு மீட்டரில் 0.5, இன்னொன்றில் 0.7, ஒரே தண்ணீர் ஒன்றில் 500, மற்றதில் 700. நான் மேலே சொன்னவை 0.64 கணக்கு. கரைந்திருப்பது பயிரைக் கெடுக்கும் சோடியமா, பயிருக்கு உதவும் கால்சியமா என்றும் இதற்குத் தெரியாது. உரம் கலந்த நீரிலும் எண் ஏறத்தான் செய்யும். இதைச் சொல்லி ஆய்வகத்துக்குப் போகச் சொல்பவர்கள் சொல்வது சரிதான், தோட்டம் பெரிதானால் போகத்தான் வேண்டும். இரண்டு தட்டு மிளகாய் நாற்று விடுகிறவருக்கு வேண்டியது ‘இந்தத் தண்ணீரா, அந்தத் தண்ணீரா’ என்பதற்கு விடை. ஒரே பேனாவால் இரண்டையும் அளக்கும்போது பெருக்கல் எண் எதுவானாலும் விடை மாறாது. ஒன்றை மட்டும் பேனாவிடம் கேட்க முடியாது: பொட்டலம் பழசா என்று. அதற்குப் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தால் போதும்.

வாங்கும்போது பிபிஎம்மோடு மைக்ரோசீமென்ஸும் காட்டுகிற மாதிரியாகக் கேளுங்கள். அதில் பெருக்கல் எண்ணின் தொல்லை இல்லை. அளந்து முடித்ததும் முள்ளை மழைநீரில் அலசித் துடைத்து மூட வேண்டும், இல்லையென்றால் அதன் மேலேயே உப்பு பூத்துவிடும்.