அசையும் அசைவும்: செய்கைப் பாடல்களின் மொழிபெயர்ப்பு பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

மழலையர் கல்வியில் இசைக்கும் உடலசைவுக்கும் உரிய இடம் இன்று கொள்கையளவில் ஏற்கப்பட்டுள்ளது. 2022இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பாட்டையும் ஆட்டத்தையும் கற்றல் வழிகளாகவே கொள்கிறது. இந்நிலையில் ஆங்கிலச் செய்கைப் பாடல்களைத் தமிழில் பெயர்க்கும் முயற்சிகள் பெருகுவது இயல்பே. இவற்றை மதிப்பிடுவோர் பொருள் பிறழாமை, சொல்லெளிமை ஆகிய இரண்டையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இவ்விரண்டும் போதா, சொல்லும் செய்கையும் ஒரே தட்டில் கூடுகின்றனவா என்பதே முதன்மையான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. பிறமொழிப் பட்டறிவு

செருமானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், குனில்ட் கேட்மன் என்பாருடன் இணைந்து 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட குழந்தை இசைநூல், பேச்சையும் பெயர்களையும் கூவலையும் தாளத்தின் ஊற்றாகக் கொண்டது. அதனை ஆங்கிலத்தில் தந்தோர் செருமானியப் பாடல்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதோடு நிற்கவில்லை. ஆங்கிலக் குழந்தைகளின் மரபுப் பாடல்களை எடுத்தாண்டனர். முறை பெயர்ந்தது, பாடல் அந்தந்த மண்ணிலிருந்து வந்தது.

அங்கேரியின் ஜோல்தான் கோடாய் (1882-1967) காட்டும் சான்று மொழியியலாருக்கு இன்னும் நெருக்கமானது. அங்கேரிய மொழியில் அழுத்தம் சொல்லின் முதலசையில் விழும். அதனால் அம்மக்களின் நாட்டுப்புறப் பாடல்கள் பெரும்பாலும் வலுத்தட்டிலேயே தொடங்குகின்றன. ஆங்கிலத்திலோ அழுத்தமற்ற சுட்டிடைச் சொல் முன்னே வருதலால், தட்டுக்கு முன்னரே பாடல் தொடங்குவது மிகுதி. ஒன்றின் மெட்டில் மற்றதன் சொற்களை அமர்த்தினால் சொல்லழுத்தம் இடம் மாறிவிடும்.

3. தமிழ் மரபு

தமிழில் தாளத்தின் அடிப்படை அழுத்தமன்று, அளவு. தொல்காப்பியம் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் வரையறுக்கிறது. ஒலியின் காலத்தை உடலின் அசைவு கொண்டே அளந்த இலக்கணம் இது. யாப்புறுப்பைக் குறிக்கும் 'அசை' என்னும் சொல்லே வினையாகும்போது அசைதலையும் குறிப்பது இங்கு எண்ணத்தக்கது.

பிள்ளைத்தமிழின் பருவங்கள் சில குழந்தையின் உடல்வளர்ச்சியை ஒட்டி அமைந்தவை. கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. இவற்றில் செய்கைக்கான அழைப்பு ஒவ்வொரு பாடலின் இறுதியிலும் மீண்டும் மீண்டும் வரும். வினை இறுதியில் நிற்கும் தமிழ்த்தொடரின் இயல்பை இம்மரபு குறையாகக் கொள்ளாமல், காத்திருப்பின் இன்பமாக மாற்றிக்கொண்டது. வாய்மொழித் தாலாட்டும் விளையாட்டுப் பாடலும் வேறொரு வழியைக் காட்டுகின்றன. கைவீசு, கைதட்டு, சாய்ந்தாடு போன்ற சிறு கட்டளைகளே அவற்றின் அலகு. வேற்றுமை உருபு இல்லை. 'உன்' என்னும் உடைமைச் சொல்லும் இல்லை. ஆண் குழந்தையாயினும் பெண் குழந்தையாயினும் 'அம்மா' என்னும் விளி ஒரு தட்டை நிரப்புகிறது.

4. மொழிபெயர்ப்பில் நேரும் இழப்புகள்

இவ்விரு வழிகளையும் மறந்த மொழிபெயர்ப்பு 'உன் கைகளைத் தட்டு' என்று அமையும். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் முதல் தட்டிலேயே வந்த வினை இங்கு இறுதிக்குச் சென்றுவிடுகிறது. மெட்டோ மாறவில்லை. குழந்தை கை தட்டவேண்டிய இடத்தில் 'உன்' என்னும் சொல் நிற்கிறது. குழந்தை ஆசிரியரைப் பார்த்துச் செய்கிறதேயன்றிச் சொல்லைக் கேட்டுச் செய்வதில்லை.

இதனினும் பெரிய இழப்பு குறில் நெடில் மயக்கம். தமிழில் உயிரின் அளவு பொருளை வேறுபடுத்தும். நீண்ட சுரத்தின்மேல் 'படு' என்னும் ஏவலை வைத்தால் அது 'பாடு' எனக் கேட்கும். 'விடு' என்பது 'வீடு' ஆகும். 'எடு' என்பது 'ஏடு' ஆகும். இசையில் குறில் நீள்வது வழக்கம்தானே எனலாம். வளர்ந்தோர் சூழலால் பொருளுணர்வர். ஒலியன் வேறுபாடுகளை நிலைப்படுத்திக்கொண்டிருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கோ பாட்டே பாடமாகும்.

கையேடுகளின் கலைச்சொற்களும் ஆய்வுக்குரியன. உடலசைவை 'இயக்கம்' என்று பெயர்த்தால் அமைப்பு சார்ந்த பொருளும் உடன் வருகிறது; 'அசைவு' போதும். சீராக விழும் தட்டு, அதன்மேல் சொல் கொள்ளும் நடை, தட்டுகளின் சுற்று ஆகிய மூன்றையும் 'தாளம்' என்னும் ஒரே சொல்லால் குறித்தால், எதைக் கையால் காட்டுவது, எதை வாயால் சொல்வது என்று ஆசிரியர் தடுமாறுவார்.

5. முடிவுரை

மெட்டு இனிதாயின் குழந்தை எதனையும் பாடிவிடும் என்னும் வாதம் ஓரளவு உண்மையே. ஆனால் அவ்வாறு பாடும் குழந்தை மெட்டைக் கற்கிறது; மொழியை அன்று. எனவே மொழிபெயர்ப்பாளர் சொல்லிலிருந்து தொடங்காமல் செய்கையிலிருந்து தொடங்குதல் வேண்டும். முதலில் தட்டுகளைக் குறித்து, வினை விழும் இடத்தை முடிவு செய்து, நீண்ட சுரங்களுக்கு நெடிலைத் தேர்ந்து, பின்னரே தொடரை அமைக்கலாம். அதற்கு மெட்டு இடங்கொடாவிடில் மெட்டையே மாற்றலாம். அவ்வாறு அமைந்ததை மொழிபெயர்ப்பு என்னாது தழுவல் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுதல் தகும். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் கை தட்டிப் பாடிப் பார்த்தல் இத்துறையில் மெய்ப்புத் திருத்தத்தைப் போன்றே இன்றியமையாதது.